நிழல் இல்லாத தாய்மாருக்கு நிழல் தாங்கல்

அய்யா உண்டு.



அய்யாவின் பிள்ளைகள் கூடி வணங்கும் இடத்துக்குப் பெரியோர் வைத்த பெயர் நிழல் தாங்கல். மாளிகை என்றோ மண்டபம் என்றோ அவர்கள் பெயர் வைக்கவில்லை. வெயிலில் நடந்து களைத்தவர் ஒதுங்க ஓர் இடம். பசித்து வந்தவர் உண்ண ஓர் இடம். எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகள் எழுத்துக் கற்க ஓர் இடம். தென்திருவிதாங்கூரின் ஊர்களில் தாங்கல்கள் முளைத்த காலத்தில் அவை இப்படித்தான் இருந்தன. வழிபாடும் தர்மமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன.

இன்று தாங்கல்கள் பெருகியிருக்கின்றன. பிழைப்புக்காகக் கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போன மக்கள் அய்யாவையும் தங்களோடு அழைத்துப் போனார்கள். மணலி புதுநகரில் அய்யா வைகுண்ட தர்மபதியின் திருவிழாவில் தேர் ஓடுகிறது. நகரத்தின் பல பகுதிகளில் உகப்படிப்பு ஒலிக்கிறது, அன்னதர்மம் நடக்கிறது. எல்லாம் அய்யாவின் அருள்.

ஆனால் நகரத்துக்குப் போன தர்மத்தின் முன்னால் நகரத்துக்கே உரிய ஒரு கேள்வி நிற்கிறது. வீடே இல்லாத ஒரு பெண், நடை சாத்திய பிறகு எங்கே போவாள்?

நடை சாத்தும் நேரம்

ஒரு காட்சியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். ஐப்பசி மாதத்து அடைமழை. வடசென்னையில் ஒரு நிழல் தாங்கல். இரவுப் பணிவிடை முடிந்து, இனிமம் கொடுத்து, மக்கள் கலைந்துவிட்டார்கள். பணிவிடை செய்யும் இளைஞர் கதவைச் சாத்த வருகிறார். வாசல் திண்ணையில் ஒரு வயதான பெண் சுருண்டு படுத்திருக்கிறாள். தலைமாட்டில் ஒரு துணி மூட்டை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

"அம்மா, எந்திரிங்க. நடை சாத்தணும்."

"மழ வுட்டதும் பூடறேன்பா. கொஞ்ச நேரம்."

"இங்க படுக்கக் கூடாதும்மா. நாளைக்கு யாராவது பார்த்தா என்னைத்தான் கேப்பாங்க."

அந்தப் பெண் பதில் சொல்லாமல் மூட்டையை எடுக்கிறாள். அப்போது திண்ணையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இளைஞரைப் பார்க்கிறாள். குமரி மாவட்டத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருப்பவள்.

"மக்கா, இந்த இடத்துக்கு என்ன பேரு?"

"தாங்கல், பெரியம்மை."

"முழுப் பேரையும் சொல்லு."

"நிழல் தாங்கல்."

"நிழலு பகலுக்கு மட்டுந்தானா மக்கா?"

இளைஞரிடம் பதில் இல்லை. அவர் கெட்டவர் அல்லர். அவர் சொன்ன காரணமும் பொய் அல்ல. திண்ணையில் ஒரு பெண் இரவெல்லாம் படுத்திருந்தால் அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அவளை எழுப்பி மழைக்குள் அனுப்புவதால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடுமா? கண்ணுக்கு மறைந்துவிடும், அவ்வளவுதான்.

இந்தக் காட்சி ஏதோ ஒரு தாங்கலுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் யார் என்று வரையறுக்கும்போது, சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களின் உள்ளே, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, ரயில் நிலைய நடைமேடை என்று அடுக்கிக்கொண்டு போய், வழிபாட்டுத் தலங்களின் திறந்த வெளியையும் மண்டபங்களையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த வரையறையின்படி வீடற்றோரை எண்ணிய இரவு 2011 பிப்ரவரி 28. மாசி மாதம், அய்யா அவதாரத் திருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. அந்த ஓரிரவில் நாடு முழுவதும் எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அவர்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரங்களில் இருந்தவர்கள். பாதுகாப்புக்காக ஒளிந்து உறங்கும் பெண்கள் எத்தனை பேர் அந்தக் கணக்குக்குள் வந்தார்களோ, அய்யாவுக்கே வெளிச்சம்.

தாழ்ந்து கிடப்பவர் யார்?

தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கிக் காப்பதுதான் தர்மம் என்பது அய்யா வழியின் உயிர்நாடி. இதை அறியாத அன்புக்கொடி மகன் இல்லை, மகள் இல்லை. ஆனால் தாழ்ந்து கிடப்பவர் யார் என்று கேட்டால் பலருக்கும் பழைய திருவிதாங்கூர்தான் நினைவுக்கு வருகிறது. தலையில் பாகை கட்டக்கூடாது, தெருவில் நடக்கக்கூடாது, கிணற்றைத் தொடக்கூடாது, தலைக்கு வரி கட்ட வேண்டும் என்ற அந்த நாட்கள்.

அந்த நாட்களில் பெண்ணின் நிலை எப்படி இருந்தது? மார்பை மறைத்துக்கொள்ள உரிமை இல்லை. மேலாடை அணிந்த பெண்கள் சந்தையிலும் சாலையிலும் அவமானப்படுத்தப்பட்டார்கள். அய்யா வைகுண்டம் சேர்ந்தது 1851இல். அதன் பிறகும் போராட்டம் நடந்து, 1859இல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. தன் உடலை மறைத்துக்கொள்வதற்கே ஒரு பெண் அரசனின் அனுமதிக்குக் காத்திருந்த கொடுமை அது. அதைத்தான் கலியின் ஆட்சி என்றார்கள்.

இன்று நடைபாதையில் வாழும் பெண்ணுக்கு மேலாடையைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ஆடை மாற்ற நான்கு சுவர் இல்லை. விடியுமுன், ஆள் நடமாட்டம் தொடங்குமுன், சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே குளிக்கிறாள். பொதுக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு வேண்டும். இரவில் அது பூட்டியிருக்கும். ஆகவே மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறாள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. மாதவிலக்கு நாட்களின் துன்பத்தைச் சொல்லவே வேண்டாம். வயதுக்கு வந்த மகள் இருந்தால் தாய் முழு இரவும் உறங்குவதில்லை. பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணோடு முறை வைத்து, ஒருத்தி விழிக்க ஒருத்தி கண்ணயர்கிறாள்.

மானம் என்ற சொல் அன்றும் இன்றும் ஒன்றுதான். அன்று அதைப் பறித்தவன் கலி நீசன் என்றால், இன்று அதைப் பறிக்கும் கலிக்கு என்ன பெயர்? கலி ஓர் ஆளாக மட்டும் வருவதில்லை. கண்டும் காணாமல் போகிற பழக்கமாகவும் வருகிறது.

தெருவுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை

"ஒழுங்காக இருந்திருந்தால் வீட்டில் இருந்திருப்பாளே" என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லும் வாய் சற்றுப் பொறுக்கட்டும்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்தவள் உண்டு. கணவன் இறந்ததும் அவன் வீட்டாரால் வெளியேற்றப்பட்டவள் உண்டு. பிள்ளைகள் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் விட்டுப் போன தாய் உண்டு. சிகிச்சைக்காகச் சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு வந்து, நோயாளி இறந்தபின் ஊர் திரும்பக் காசும் மனமும் இல்லாமல் வாசலிலேயே தங்கிவிட்டவள் உண்டு. பழைய சென்னையின் ஜார்ஜ் டவுன் தெருக்களில் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்ற குடும்பங்களும் உண்டு. அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்லர். பூக் கட்டுகிறார்கள், வீட்டு வேலை செய்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள். நகரம் அவர்களுடைய உழைப்பை வாங்கிக்கொள்கிறது. உறங்க இடம் மட்டும் தருவதில்லை.

அகிலத்தில் வரும் ஏழு கன்னியரின் கதை எல்லாருக்கும் தெரியும். அயோத அமிர்த வனத்தில் பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய்மார், பெற்ற பிள்ளைகளையே பிரிந்து நிற்க நேர்ந்தது. பால் குடிக்கும் பிள்ளைகளைப் பிரிந்த அவர்கள் வனத்தில் தவம் நின்றார்கள். பிள்ளைகளை வளர்த்தது பத்திரகாளி. சான்றோர் மக்களின் வம்சமே, பெற்ற தாய் ஒருத்தி, வளர்த்த தாய் ஒருத்தி என்று இரண்டு தாய்மாரால் வாழ்ந்த வம்சம். கடைசியில் அந்தக் கன்னியரை ஒதுக்கிவிடாமல் திருக்கல்யாண இகனையில் தம்மோடு சேர்த்துக்கொண்டவர் அய்யா.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. வீட்டையும் பிள்ளையையும் பிரிந்து வெட்டவெளியில் நிற்கும் பெண்ணை, பிழை செய்தவள் என்று எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்ல அய்யா வழிக்காரருக்கு உரிமை இல்லை. அப்படித் தீர்ப்புச் சொல்லும் வாய், வனத்தில் தவம் நின்ற தன் ஆதித் தாயைப் பற்றி என்ன சொல்லும்? வேறொருத்தி பெற்ற பிள்ளையை வளர்த்தெடுத்த பத்திரகாளியின் வேலைதான் இன்று ஒரு சமூகம் செய்ய வேண்டிய வேலை.

பேய் அல்ல, நோய்

தெருவில் இருக்கும் பெண்களில் சிலருக்கு மனநோய் இருக்கிறது. தனக்குத்தானே பேசுவாள், குப்பையைச் சேர்த்து வைப்பாள், யாராவது நெருங்கினால் கத்துவாள். அவளைப் பார்த்தால், பேய் பிடித்தவள் என்று விலகிப் போவார் உண்டு. கல் எறிவாரும் உண்டு.

அய்யா பேய்களை எரித்தார் என்பது அகிலம் படித்தவருக்கும் கேட்டவருக்கும் தெரிந்த செய்தி. மந்திரவாதத்துக்கும் ஆடு கோழிப் பலிக்கும் பயந்து நடுங்கிய மக்களிடம், பேய்க்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொன்னவர் அவர். அப்படியிருக்க, அய்யாவின் நாமம் நெற்றியில் இட்ட ஒருவர் ஒரு நோயாளிப் பெண்ணைப் பார்த்துப் பேய் என்று சொன்னால், அய்யா எரித்ததை அவர் மறுபடியும் உயிர்ப்பிக்கிறார் என்றுதானே பொருள்? அவளுக்கு வந்திருப்பது நோய். நோய்க்கு மருந்து உண்டு, மருத்துவர் உண்டு.

1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், மனநோயால் சாலையில் அலைந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள். அவளைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடத்தைத் தேடினார்கள். எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தி பான்யன்', அதாவது ஆலமரம். முகப்பேரில் அவர்கள் நடத்தும் இல்லத்தின் பெயர் அடைக்கலம். தெருவிலிருந்து வந்த பெண்களுக்கு அங்கே சிகிச்சை தரப்படுகிறது. தேறியவர்கள், தங்கள் ஊரையும் பெயரையும் நினைவுக்குக் கொண்டுவந்து, குடும்பத்திடம் திரும்பியிருக்கிறார்கள். திரும்பக் குடும்பம் இல்லாதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், உதவியாளரின் துணையோடு சமைத்துச் சாப்பிட்டு வாழ வழிசெய்யப்பட்டிருக்கிறது.

ஆலமரம் தருவது நிழல். அய்யாவின் பிள்ளைகள் தங்கள் வழிபாட்டு இடத்துக்கு வைத்த பெயரும் நிழல். தர்மம் எந்தக் கையால் நடந்தாலும் அது தர்மமே. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிற ஒருவரைக் கண்டால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. அவரைச் சிறையில் அடைக்கக் கூடாது. சென்னை மாநகரக் காவல்துறை 2021இல் 'காவல் கரங்கள்' என்ற பெயரில் ஆதரவற்றோரை மீட்டு இல்லங்களில் சேர்க்கும் பணியைத் தொடங்கியது.

நகரத்தில் உள்ள வழிகள்

மழையில் எழுப்பப்பட்ட அந்தப் பெண்ணுக்கு என்ன வழி இருக்கிறது என்பதை ஒவ்வொரு தாங்கலும் அறிந்திருக்க வேண்டும். அறியாமல் செய்யும் இரக்கம் பாதி வழியில் நின்றுவிடும்.

2010இல் உச்ச நீதிமன்றம், நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கில் வீடற்றோருக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. டெல்லியின் குளிரில் வீடற்றோர் இறந்த செய்தி அந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதால் வந்த உத்தரவு அது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கென்றே ஒரு திட்டத்தை வகுத்தது. சென்னையில் மாநகராட்சி இத்தகைய காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்களைக் கொண்டு நடத்துகிறது. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி, சிறுவருக்குத் தனி, மனநலம் குன்றியவருக்குத் தனி, அரசு மருத்துவமனை நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்களுக்குத் தனி என்று பிரிவுகள் உண்டு.

ஒரு நல்ல காப்பகத்தில் கூரையோடு படுக்க இடம், குடிநீர், குளியலறை, கழிப்பறை, பெட்டி வைத்துப் பூட்ட இடம், இரவிலும் பகலிலும் முறை வைத்துப் பணியாற்றும் காப்பாளர்கள் உண்டு. இவற்றைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. அதுதான் முகவரி. முகவரி இல்லாதவளுக்கு ஆதார் இல்லை. ஆதார் இல்லாதவளுக்கு வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். கணக்கு இல்லாதவளுக்கு ஆதரவற்றோர் ஓய்வூதியம் கிடைப்பது அரிது. இந்த முடிச்சை அவிழ்க்கக் காப்பகம் துணைசெய்கிறது. வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கோ வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. அவர் சொல்லும் இடத்தில் அவர் உண்மையிலேயே உறங்குகிறாரா என்று அலுவலர் இரவில் போய்ப் பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிமுறை. வாக்குக்காக ஓர் அலுவலர் இரவில் தேடிப் போகலாம் என்றால், தர்மத்துக்காக ஓர் அன்புக்கொடி மகன் போகக் கூடாதா?

வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும், மருத்துவம், சட்டம், காவல் உதவி பெறவும் அதன்மூலம் வழி உண்டு. குழந்தை தனியாக இருந்தால் 1098. கைவிடப்பட்ட முதியவளுக்கு 14567. நோயுற்றுக் கிடந்தால் 108. சென்னையில் மாநகராட்சிக்குத் தெரிவிக்க 1913. இந்த எண்களைத் தாங்கலின் சுவரில், உகப்படிப்புக்கு வருகிற எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பதற்கு ஒரு பிடி சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் போதும்.

இருப்பது எல்லாம் போதும் என்று சொல்வதற்கில்லை. 2011 கணக்கின்படியே சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 60 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். லட்சத்துக்கு ஒன்று என்றால் காப்பகங்கள் அறுபதுக்கும் மேல் வேண்டும். இன்றைய மக்கள்தொகைக்கு இன்னும் அதிகம் வேண்டும். மேலும், காப்பகம் இருந்தும் போக மறுக்கும் பெண்களும் உண்டு. அதைப் பிடிவாதம் என்று எண்ணக் கூடாது. பூ விற்கும் இடம் இங்கே, காப்பகம் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் அதிகாலைச் சந்தைக்கு அவள் எப்படி வருவாள்? வளர்ந்த மகனைப் பெண்கள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள் என்றால் அவனை விட்டுவிட்டுத் தாய் எப்படிப் போவாள்? அவள் மறுக்கும்போது, ஏன் என்று கேட்டுப் பதிலைக் காது கொடுத்துக் கேட்பதே முதல் தர்மம்.

ஒருநாள் சோறும் தினந்தோறும் நிழலும்

அன்னதர்மம் பெரிய தர்மம். அதில் ஐயமில்லை. ஆனால் வீடற்ற பெண்ணுக்குச் சோறு மட்டுமே குறை என்று எண்ணுவது சரியாகாது. உணவு பொட்டலம் வாங்கிக்கொண்டவள் அதை எங்கே உட்கார்ந்து உண்பாள், உண்டபின் கை கழுவ எங்கே போவாள், இரவு எங்கே சாய்வாள் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் தர்மம் முழுமையாகும்.

சுவாமிதோப்பின் முத்திரிக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளித்து, ஒரே இடத்தில் உண்ண வேண்டும் என்று அய்யா ஏற்படுத்திய கிணறு அது. அவர் சோற்றோடு நிறுத்தவில்லை. நீரையும் சேர்த்துக் கொடுத்தார். துவையல் தவசில் இருந்த மக்கள் நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, தூய்மையைத் தவமாகவே செய்தார்கள். தூய்மை தவம் என்றால், தூய்மைக்கு வழி இல்லாதவளை 'அழுக்கு' என்று சொல்வது அநியாயம். அவளுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அல்லவா பேச வேண்டும்? தாங்கலின் குளியலறையை விடியற்காலையில் ஒரு மணி நேரம், ஒரு பெண் துணையிருக்க, அக்கம்பக்கத்து நடைபாதைப் பெண்களுக்குத் திறந்து விட்டால், அது இன்றைய முத்திரிக் கிணறு.

செய்யக்கூடியவை இன்னும் உண்டு. பழைய சேலையைக் கழித்துப் போடுவது போல் கொடுக்காமல், புது உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் சோப்பும் சேர்த்துக் கொடுக்கலாம். அருகிலுள்ள பெண்கள் காப்பகத்துக்கு வாரம் ஒருநாள் தாய்மார் போய், அங்கிருக்கும் பெண்களோடு உட்கார்ந்து பூக் கட்டிப் பேசிவிட்டு வரலாம். கடை வைத்திருக்கும் அன்புக்கொடி மகன், காப்பகத்திலிருந்து வேலை தேடி வரும் ஒருத்திக்கு வேலை கொடுக்கலாம். வாடகைக்கு வீடு விடுகிறவர், 'கணவன் எங்கே' என்ற கேள்வியைக் கேட்காமல் இரண்டு பெண்களுக்கு ஓர் அறை கொடுக்கலாம். காப்பகம் கரை சேரும் இடம் அல்ல. தெருவிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள பாலம். பாலத்தின் மறுகரையில் வேலையும் வாடகை வீடும் இல்லையென்றால் அவள் மறுபடி தெருவுக்கே திரும்புவாள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றக் கூடாது. அவள் மூட்டையைக் குப்பை என்று தூக்கி எறியக் கூடாது. அதில்தான் அவளுடைய குடும்ப அட்டை இருக்கும், இறந்த கணவனின் படம் இருக்கும். உதவி செய்வதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டக் கூடாது. காணிக்கை வேண்டாம் என்று ஒதுக்கியவர் அய்யா. கொடுப்பவர் பெறுபவரிடம் நன்றியைக் காணிக்கையாக எதிர்பார்ப்பதும் அந்தக் காணிக்கையில் சேர்ந்ததுதான்.

பள்ளியறையும் கண்ணாடியும்

அய்யா எழுந்தருளும் இடத்துக்குப் பள்ளியறை என்று பெயர். பள்ளி கொள்ளும் அறை, உறங்கும் அறை. மாலையில் விளக்கேற்றி, இரவில் நடை சாத்தும்போது அய்யா பள்ளி கொள்வதாக மக்கள் மனம் உருகுகிறார்கள். அந்த உருக்கம் மெய்யானது. ஆனால் தவமிருந்த நாட்களில் அய்யாவுக்கு இருந்தது குழியும் வெட்டவெளியும். சிங்காரத் தோப்பில் கிடைத்தது சிறை. மழையும் பனியும் அறிந்த உடல் அது. வெட்டவெளியில் படுத்திருப்பவளின் குளிர் அய்யாவுக்குத் தெரியாதா? பள்ளியறையின் கதவுக்கு உள்ளே அய்யாவை உறங்க வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே உறங்குகிறவளை எழுப்பி விரட்டினால், அந்தப் பணிவிடை யாருக்குப் போய்ச் சேரும்?

பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, முன்னால் விளக்கு எரிகிறது. வணங்க வருகிறவர் தன் உருவத்தையே அங்கே காண்கிறார். இறைவன் உள்ளே இருக்கிறார் என்பது அதன் பொருள் என்று எல்லாரும் அறிவார்கள். அந்தத் திண்ணைப் பெண்ணைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்து அந்தக் கண்ணாடியின் முன் நிறுத்திப் பாருங்கள். அவள் முகமும் அதில் தெரியும். விளக்கும் அவளுக்குக் குறைவாக எரியாது.

இப்போது மறுபடியும் அந்த மழை இரவுக்குத் திரும்பிப் பாருங்கள். மூதாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத அந்த இளைஞர் என்ன செய்திருக்கலாம்? பெரிதாக ஒன்றும் இல்லை. "உக்காருங்கம்மா" என்று சொல்லலாம். சூடாக ஒரு குவளை கஞ்சி கொடுக்கலாம். பெயர் கேட்கலாம். அருகிலுள்ள பெண்கள் காப்பகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். இடம் இருந்து, அவளுக்கும் சம்மதம் என்றால், மூதாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு வரலாம். அவளுக்குச் சம்மதம் இல்லையென்றால், அன்றிரவு உள்கூடத்தில் ஒரு பாயை விரித்து, மூதாட்டியையும் அவள் பக்கத்தில் படுக்கச் சொல்லலாம். விடிந்ததும் அவள் நெற்றியில் திருநாமம் இட்டு, நாளை என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்கலாம்.

ஓர் இரவு, ஒரு பாய், ஒரு கேள்வி. தர்ம யுகம் வானத்திலிருந்து ஒரே நாளில் இறங்கி வரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். தாங்கலின் திண்ணையில் ஒரு தாய் அச்சமின்றிக் கண்ணயரும் அந்த ஓரிரவில் தர்ம யுகம் அந்தத் திண்ணை அளவுக்காவது வந்திருக்கும். அதை நாளுக்கு நாள் அகலமாக்குவது அன்புக்கொடி மக்களின் கையில் இருக்கிறது.

அய்யா நிழல் தருவார். அந்த நிழலை மறைக்காமல் விலகி நில்லுங்கள். முடிந்தால் அதைச் சுமந்து தெருவுக்குக் கொண்டு போங்கள்.

அய்யா உண்டு.